மல்லம்மாவின் கையில் என் கத்தி

டெலிபோன் கோபுரத்துக்கு இடம் பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் கருவிகளைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது, பயிற்சி வகுப்பு இருக்கிறது, என்னைவிட நன்றாகச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது என் பையில் பல வருஷம் இருந்த ஒரு கத்தியைப் பற்றி.

சிரிக்காதீர்கள். கத்தி இல்லாமல் அந்தக் காலத்தில் இந்த வேலை நடக்காது. ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குக் கம்பியில்லாமல் பேச்சை அனுப்ப வேண்டுமென்றால் இரண்டு உச்சிகளும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். நடுவில் எதுவும் மறைக்கக் கூடாது. அதைச் சோதிக்க நாங்கள் செய்தது மிக எளிமையானது. இந்த மலையில் ஒருவன் நின்று கண்ணாடியில் வெயிலைப் பிடித்து அந்த மலையை நோக்கி அடிப்பான். அங்கே நிற்பவன் கண்ணுக்கு அது பகல் நட்சத்திரம் மாதிரி மின்னினால் வழி சரி. அவன் திருப்பி அடிப்பான். அவ்வளவுதான். ஆனால் உச்சிக்குப் போய்ச் சேர வேண்டுமே! மேலே போகும் வழியெல்லாம் காரைமுள்ளும் உண்ணிச்செடியும் கழுத்து உயரத்துக்குப் பின்னிக் கிடக்கும். வெட்டாமல் கால் வைக்க முடியாது.

எழுபதுகளின் தொடக்கம். பேகம்பேட்டில் எங்கள் நிறுவனத்தின் அலுவலகம். நான் செகந்திராபாத்தில் வளர்ந்தவன். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். பூர்வீகம் வேலூர்ப் பக்கம். மலைகளுக்குப் போகிற வேலை கிடைத்ததும் கன்டோன்மென்ட் கடையில் ராணுவத்தார் கழித்துவிட்ட ஒரு முதுகுப்பையை வாங்கினேன். ஸ்டோர்ஸில் எனக்கு ஒரு வெட்டுக்கத்தி கொடுத்தார்கள். முழங்கை நீளம், முனையில் லேசான வளைவு, கனமான மரப்பிடி. பையில் போட்டால் பிடி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அப்படியே பஸ் ஏறினேன்.

அன்றைக்கு பஸ்ஸில் நல்ல கூட்டம். ஆனால் என் பக்கத்து இடம் கடைசிவரை காலியாகவே இருந்தது. கண்டக்டர் எட்ட நின்று கையை மட்டும் நீட்டி டிக்கெட் கொடுத்தார். நான் காலை நீட்டி உட்கார்ந்து சௌகரியமாகப் போனேன். சாயந்திரம் வீட்டுக்கு வந்து அதை ஒரு வேடிக்கையாக என் மனைவியிடம் சொன்னேன்.

அவள் அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அவள் பெயரை இங்கே எழுதினால் கோபித்துக்கொள்வாள், அதனால் விடுகிறேன். அவள் சிரிக்கவில்லை.

“நின்னுக்கிட்டு வந்தவங்கள்ல கைக்குழந்தைக்காரி யாராவது இருந்தாளா?” என்று கேட்டாள்.

இருந்தாள். எனக்கு நினைவிருந்தது.

“அவ உங்க பக்கத்துல உட்காராம நின்னுக்கிட்டே வந்திருக்கா. அதை வந்து பெருமையா சொல்றீங்களே!”

அந்த வாரமே என் பழைய காக்கி பேன்ட்டை வெட்டிக் கத்திக்கு ஓர் உறை தைத்தாள். பையில் முதுகோடு ஒட்டினாற்போல், துண்டுக்கும் சாப்பாட்டுக்கும் அடியில், கத்தியைப் படுக்க வைத்தாள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

“கத்தி இருக்குறது உங்களுக்குத் தெரிஞ்சா போதும். ஊருக்கெல்லாம் எதுக்கு?”

“யாராவது பையில என்னன்னு கேட்டா?”

“கேட்டா கத்தின்னு சொல்லிடுங்க. கேக்குறவங்ககிட்ட மழுப்பாதீங்க. தினமும் பசங்க பையைப் பாக்குறவ நான். எதையாவது ஒளிச்சு வெச்சிருக்கிறவன் பையை எப்படி அணைச்சுப் பிடிப்பான்னு எனக்குத் தெரியும். அது எல்லாருக்குமே தெரியும்.”

இதை அவள் சொன்னபோது நான் தலையை ஆட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது சில மாதங்கள் கழித்து, நகரத்துக்கு மேற்கே இருந்த ஒரு மலையில்.

அன்று என்னோடு வந்தவன் பால்ராஜ், எங்கள் டெக்னீஷியன். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன், பளு தூக்குவதில் பரிசெல்லாம் வாங்கியவன். எதிர் மலைக்கு என் சக பொறியாளர் சம்பத் போயிருந்தான். அந்த மலை முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் நீலப் புகை மாதிரி தெரிந்தது. உச்சி வெயிலுக்கு முன்னால் இரண்டு பேரும் கண்ணாடி அடிப்பது என்று பேச்சு.

மலையின் மேற்கு அடிவாரத்து ஊரில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டு ஏறினோம். மேற்கே பாதை முள்ளில் மூடிக் கிடந்ததால் சுற்றிக்கொண்டு கிழக்குச் சரிவுக்கு வந்தோம். அந்தச் சரிவுக்குக் கீழே வேறொரு ஊர் இருந்தது. அது எங்கள் வரைபடத்தில் இல்லை. பாதி ஏறியபோது மேலே ஒரு பாறையில் ஒரு பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். எங்களையும் பால்ராஜ் தோளில் இருந்த, கருவி நிறுத்தும் முக்காலி ஸ்டாண்டையும் உற்றுப் பார்த்தாள். பிறகு திடீரென்று இன்னொரு பக்கமாக இறங்கி ஊரை நோக்கி ஓட ஆரம்பித்தாள்.

“ஆட்டை விட்டுட்டு ஓடுது சார் அந்தம்மா,” என்றான் பால்ராஜ்.

ஆட்டை விட்டுவிட்டு யாரும் சும்மா ஓட மாட்டார்கள். நாங்கள் நின்றோம். கொஞ்ச நேரத்தில் கீழே ஊரில் தகரம் தட்டும் சத்தம் கேட்டது.

“ஜீப்புக்குப் போயிடலாம் சார்.”

“ஓடினா துரத்துவாங்க பால்ராஜ். இன்னும் மேல ஏறினா சந்தேகப்படுவாங்க. இங்கயே வெட்ட வெளியில உட்காருவோம். வரட்டும்.”

ஒரு தட்டைப் பாறையில் உட்கார்ந்தோம். தொப்பியைக் கழற்றி வைத்தோம். முக்காலியைத் தரையில் கிடத்தினோம். எனக்கு நாக்கு உலர்ந்துபோயிருந்தது. ஆனாலும் உட்கார்ந்திருந்தது சரி என்று இப்போதும் நினைக்கிறேன். உட்கார்ந்திருப்பவனை அடிக்க வருகிறவனுக்கும் ஒரு நிமிஷம் தயக்கம் வரும்.

பதினைந்து இருபது பேர் வந்தார்கள். கையில் தடி, சிலரிடம் அரிவாள். முன்னால் தலைப்பாகை கட்டிய பட்டேல், அந்த ஊர்த் தலைவர். அவருக்குப் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு அந்த ஆட்டுக்காரப் பெண். அவள் பெயர் மல்லம்மா என்று அவர்கள் கூப்பிட்டதிலிருந்து தெரிந்தது. பேச்செல்லாம் தெலுங்கில் நடந்தது. நான் தமிழில் சொல்கிறேன்.

“யாரு நீங்க? மலை மேல என்ன வேலை?” என்றார் பட்டேல்.

“டெலிபோன் வேலை அய்யா.”

“டெலிபோனுக்குக் கம்பி எங்கே? கம்பம் எங்கே?”

“இது கம்பியில்லாம வர்ற டெலிபோன். மேற்கு ஊர்ல சொல்லிட்டுத்தான் வந்தோம்.”

“அது அவங்க ஊரு. இந்தச் சரிவு எங்களோடது.”

மல்லம்மா குறுக்கிட்டாள். “பொய் சொல்றான். குழி தோண்டினவங்க இவங்கதான். மறுபடியும் வந்திருக்காங்க.”

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. சில நாட்களுக்கு முன்னால் யாரோ புதையல் தேடி உச்சியில் இருக்கும் அம்மன் கோயில் பக்கத்தில் குழி தோண்டியிருக்கிறார்கள். காலையில் போய்ப் பார்த்தால் குங்குமம், அறுத்த எலுமிச்சம்பழம், ஒரு கோழித் தலை. கோழி ரத்தத்துக்குப் புதையல் கிடைக்கவில்லை என்றால் அடுத்து மனுஷ ரத்தத்துக்கு வருவார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு.

“மலையில தனியா இருக்கிறவ நான் ஒருத்திதான்,” என்றாள் மல்லம்மா. “நீங்க தேடி வந்தது என்னைத்தானே?”

அதுவரை நான் எங்களுக்கு என்ன ஆகுமோ என்று மட்டும்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் எங்களுக்குப் பயந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மலையிறங்கி ஓடியிருக்கிறாள் என்பது அந்த வார்த்தையில்தான் உறைத்தது.

அதற்குள் ஓர் இளைஞன் தடியால் என் பையை இடித்தான். உள்ளே ‘டங்’கென்று ஓசை.

“இரும்பு! என்னடா வெச்சிருக்கே உள்ளே?”

பால்ராஜ் என் காதருகே தமிழில் சொன்னான்: “ஸ்டாண்டோட இரும்புக் காலுன்னு சொல்லிடுங்க சார்.” அதே மூச்சில், “இல்லேன்னா நான் கத்தியை வெளியே எடுக்கட்டுமா? பார்த்தாங்கன்னா ரெண்டடி தள்ளி நிப்பாங்க.”

“நக்கோ, வேண்டாம் பால்ராஜ். கையைப் பைக்கிட்டயே கொண்டு போகாதே.”

குனிந்து பார்த்தேன். என் இரண்டு கைகளும் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தன. பள்ளிக்கூடப் பையனேதான். எத்தனை பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ! கையை எடுத்தேன். பையைப் பாறைமேல் வைத்துவிட்டு எழுந்து, பால்ராஜையும் இழுத்துக்கொண்டு, பத்தடி பின்னால் போய் நின்றேன்.

“அது கத்தி,” என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். “பெரிய கத்தி. பைக்கு அடியில காக்கி உறையில இருக்கு. முள்ளு வெட்டக் கொண்டு வந்தது. நான் தொடமாட்டேன், நீங்களே எடுத்துப் பாருங்க.”

யாரும் நகரவில்லை. கடைசியில் மல்லம்மாதான் வந்து பையை அவிழ்த்தாள். துண்டை எடுத்து வைத்தாள். டிபன் பாக்ஸ், தண்ணீர்க் குப்பி, சட்டம் போட்ட கண்ணாடி. பிறகு அந்த உறை. உருவியதும் கத்தி வெயிலில் பளிச்சென்றது. கூட்டம் ஒரே இரைச்சலாக முன்னால் வந்தது. அந்த இளைஞன் பால்ராஜின் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினான். பால்ராஜ் நினைத்திருந்தால் அவனை ஒரு கையால் தூக்கி முள்ளில் போட்டிருக்கலாம். அவன் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். காலர் கிழிந்தது, அப்போதும் நின்றான். அன்றைக்கு எங்களில் பெரிய வேலை செய்தவன் அவன்தான்.

பட்டேல் கையை உயர்த்திச் சத்தத்தை அடக்கினார். “முள்ளு வெட்டுற கத்தின்னா கையில பிடிச்சுக்கிட்டு வரவேண்டியதுதானே? உறை தைச்சு அடியில ஏன் ஒளிச்சு வெச்சிருக்கே?”

நியாயமான கேள்வி. நல்ல எண்ணத்தோடு மறைவாக வைத்ததுதான் இங்கே எங்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

“இன்னைக்குத்தான் ஜீப், மத்த நாள்ல பஸ்ல போறவங்க நாங்க அய்யா. கத்தியைப் பார்த்தா பக்கத்துல யாரும் உட்கார மாட்டேங்கிறாங்க. குழந்தைக்காரங்க பயந்து நிக்கிறாங்க. அதனாலதான்.”

பின்னாலிருந்து யாரோ ஒருவர் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு குடிக்கக் கிடைத்த தண்ணீர் மாதிரி இருந்தது.

“அப்படின்னா வெட்டிக் காட்டச் சொல்லு,” என்றான் இளைஞன்.

“இவன் கையில நான் குடுக்கமாட்டேன்,” என்றாள் மல்லம்மா.

“வேண்டாம்மா. கத்தி உங்ககிட்டயே இருக்கட்டும்,” என்றேன். “எனக்கு அந்தக் கண்ணாடி மட்டும் போதும். எல்லாரும் எங்ககூட உச்சிக்கு வாங்க. நாங்க செய்ற வேலையைப் பாருங்க. அப்புறம் பட்டேல் என்ன சொல்றாரோ அதுக்குக் கட்டுப்படுறோம்.”

பட்டேல் உச்சிப் பக்கம் கையைக் காட்டினார். “நடங்க,” என்றார்.

என் கத்தியைப் பிடித்துக்கொண்டு மல்லம்மா எனக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் வந்தாள். அந்த மலையேற்றத்தை நான் மறக்க முடியாது. பிடரியில் குளிர்ந்த காற்று பட்டால்கூடத் திடுக்கிட்டேன். உச்சிக்குக் கொஞ்சம் கீழே முள் அடர்ந்துவிட்டது. நானும் பால்ராஜும் கையால் விலக்கிப் பார்த்தோம்; கையெல்லாம் கீறி ரத்தம் வந்ததுதான் மிச்சம். மல்லம்மா சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பொறுமை போய், “தள்ளு!” என்று என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். வலமும் இடமுமாக நாலு வீச்சு. வழி திறந்துகொண்டது. கத்தியை ஒருமுறை திருப்பிப் பார்த்து, “நல்ல கத்திதான்,” என்றாள், யாரிடமும் சொல்லாதது போல.

உச்சியில் சின்னக் கோயில், பக்கத்தில் அந்தக் குழி. நான் ஷூவைக் கழற்றிவிட்டுக் கோயிலைத் தாண்டி விளிம்புக்குப் போனேன். சம்பத்தோடு பேசிவைத்த நேரம் தாண்டிவிட்டது. அவன் இறங்கிப் போயிருந்தால் எங்கள் பேச்சுக்கு ஒரு சாட்சியும் இல்லை. கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்தேன். ஏறி வந்த மூச்சிரைப்பில் ஒளி எங்கெங்கோ ஓடியது. பால்ராஜ் என் முழங்கையைத் தாங்கிப் பிடித்தான். தூரத்து மலையைக் குறி வைத்து அடித்தேன். ஒன்றுமில்லை. மறுபடியும் அடித்தேன். மூன்றாவது முறை அந்த நீலப் புகைக்கு நடுவே ஒரு வெள்ளைப் பொறி மின்னியது.

“அதோ!” என்று பால்ராஜ் கத்தினான்.

எல்லோரும் பார்த்தார்கள். “அங்கே யாரு?” என்றார் பட்டேல்.

“எங்க ஆளு. என்கூட வேலை பாக்குறவர்.”

“பாத்தீங்களா! அந்த மலையிலயும் இவங்க கூட்டம் இருக்கு!” என்றான் இளைஞன். மறுபடியும் முணுமுணுப்பு கிளம்பியது. இத்தனை தூரம் வந்து இப்படியா!

மல்லம்மா பேசினாள். “சும்மா இரு. புதையல் தோண்டுறவன் குழியைப் பார்ப்பான். இவங்க ரெண்டு பேரும் மேல வந்ததிலேருந்து அந்தக் குழிப் பக்கம் திரும்பவேயில்ல. நான் அதைத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன்.”

பட்டேல் குழியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மெதுவாகத் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “அந்தக் கண்ணாடியை இப்படிக் குடு,” என்றார். அவர் அடித்தார்; சம்பத் திருப்பி அடித்தான். அந்த இளைஞன் அடித்தான். சம்பத் திருப்பி அடித்தான். கொஞ்ச நேரத்தில் அங்கே திருவிழா மாதிரி ஆகிவிட்டது. எதிர் மலையில் ஒற்றை ஆளாக நின்றுகொண்டு சம்பத் என்ன நினைத்தானோ!

கடைசியாகக் கண்ணாடி மல்லம்மாவிடம் வந்தது. கத்தியை உறையில் போட்டு, பிடி என் பக்கம் வருமாறு நீட்டிவிட்டு அதை வாங்கிக்கொண்டாள். பொறி மின்னியதும் அவள் முகம் மலர்ந்தது. உடனே கவலையும் வந்துவிட்டது.

“காலையிலேருந்து அங்கயே நிக்கிறாரா?”

“ஆமாம்மா.”

“சாப்பிட்டாரா?”

“தெரியலையே.”

“கேளு.”

பார்த்தேன், முடிந்தது, நாளைக்கு வா. எங்களிடம் இருந்த சைகைகள் இவ்வளவுதான். சாப்பிட்டாயா என்று கேட்கச் சைகை ஏது? ஆனாலும் அவள் காத்துக்கொண்டிருந்தாள். ஏதோ மாதிரி விட்டு விட்டு நாலைந்து தடவை அடித்தேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை.

இறங்கும்போது எங்களை அவர்கள் ஊர் வழியாகவே கூட்டிக்கொண்டு போனார்கள். பால்ராஜின் கிழிந்த காலரை அந்த இளைஞனின் தங்கை தைத்துக் கொடுத்தாள். மல்லம்மா நாலு சோள ரொட்டியும் வெங்காயப் பச்சடியும் ஒரு துணியில் கட்டி, “அந்த மலைக்காரருக்கு,” என்று என் கையில் வைத்தாள்.

கத்தியைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதற்குள்ளேயே இருக்கிறது. வேலைக்குத் தேவையென்றால் எடுத்துக்கொண்டு போங்கள். ஊர் பார்க்கத் தூக்கிக்கொண்டு திரியாதீர்கள். ஆனால் ஒருவர் கேட்டுவிட்டால், அவர் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். எதிரில் நிற்பவர் பயந்திருக்கிறார் என்று தெரிந்தால் கத்தி அவர் கையில் இருக்கட்டும். அதற்குப் பிறகு நான் எத்தனையோ மலை ஏறினேன். முதல் வேலையாக மலையைச் சுற்றியுள்ள எல்லா ஊர்களுக்கும் போய், பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் ஏறினேன். அரை நாள் கூடுதலாகும். ஆகட்டும்.

அந்த மலையிலிருந்து இறங்கிய அன்று சாயந்திரம் பயணியர் விடுதியில் சம்பத்தைச் சந்தித்தோம். முகம் வெயிலில் கறுத்துப் போயிருந்தது.

“என்னடா நடந்தது அங்கே? பத்துப் பதினைஞ்சு தடவை அடிச்சே. கடைசியில தாறுமாறா ஏதோ அடிச்சியே, அது என்ன? எனக்கு ஒண்ணுமே புரியலை.”

“நீ சாப்பிட்டியான்னு ஒரு அம்மா கேட்டாங்க.”

அவன் என்னைப் பார்த்தான். கேலி செய்கிறேனோ என்று நினைத்திருப்பான். பிறகு கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, “எங்கடா சாப்பிட்டேன்? குரங்கு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டுப் போயி, தின்னுட்டு மூடியை என் மேல எறிஞ்சுது,” என்றான். நான் துணி மூட்டையை நீட்டினேன். நாலு ரொட்டியையும் நிமிர்ந்து பார்க்காமல் தின்று முடித்தான்.

பகலில் தூரத்தில் புகைமூட்டம் இருந்ததால் காலை வெயிலில் இன்னொரு முறை சோதிக்க வேண்டியிருந்தது. மறுநாள் நானும் பால்ராஜும் போனபோது மல்லம்மா ஆடுகளோடு உச்சியிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் அடித்தேன். எதிர் மலையிலிருந்து வழக்கமான மூன்று மின்னல் வந்தது. பார்த்தேன், முடிந்தது என்று அர்த்தம். கண்ணாடியைத் துணியில் சுற்றப் போனேன். கொஞ்சம் இடைவெளி விட்டு, நீளமாக இன்னொன்று வந்தது.

“அது என்ன?” என்றாள் மல்லம்மா.

“சாப்பிட்டாராம்,” என்றேன்.